பிழைகள் என்ற தலைப்பின் கீழ்

என் மகன் கவின் கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு விழுந்து இறந்தபின், காரியமெல்லாம் முடிந்த வாரத்தில், அவனோடு வேலை செய்த சண்முகப்பிரியா நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறி மலைமேல் இருக்கும் எங்கள் ஊரான வாழவந்தி நாட்டுக்கு வந்தாள். வந்ததும் லேப்டாப்பைத் திறந்தாள்.

கவின் சி என்ற கணினி மொழியில் ஒரு நிரல் லைப்ரரி எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்டிருந்தான். அதில் பெயர்களைச் சேர்த்துவைத்துத் தேடித் தரும் ஹேஷ் டேபிள் ஃபங்ஷன்களுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான். மீதியை இவள் எழுதுகிறாள். அந்த விளக்கப் பக்கத்தின் உச்சியில் ‘அ. கவின்’ என்றிருந்தது. அந்த ‘அ’ அப்பாசாமியாகிய நான்.

“ஒண்ணு சொல்லணுங்கப்பா. டெலீட் ஃபங்ஷன்ல ஒரு பிழை இருக்குதுங்க. அதை விளக்கத்துல போடணும்.”

“செத்தவன் பேருக்குக் கீழ குத்தம் எழுதறதா? எங்க வகையறாவுல ஒருத்தன் மேலயும் இதுவரைக்கும் பிராது வந்ததில்ல. சரி பண்ணிட்டுப் பேசாம இரு கண்ணு.”

“புதுசுல சரி பண்ணிட்டனுங்க. பழசை எத்தனையோ பேரு ஓட்டிட்டு இருக்காங்க. அவங்களுக்குத் தெரியணுமுங்களே.”

என் மனைவி மாதம்மாள் காப்பியோடு வந்தாள். “அந்தப் புள்ள வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துட்டு வந்திருக்குது. மொதல்ல குடிக்க உடுங்க, அப்பறம் தீர்ப்புச் சொல்லலாம்.”

அவள் குடித்து முடித்ததும், “என்னதான் பிழை?” என்றேன்.

“ஹேஷ் டேபிள்னா வரிசையா அறைங்க இருக்குதுன்னு வெச்சுக்குங்க. ஒரு பேரைக் கணக்குப் போட்டா இன்ன அறைன்னு வரும். அங்க ஆளிருந்தா அடுத்த அறை. தேடறப்பவும் அப்படியே ஒவ்வொண்ணாப் போகும். காலி அறை வந்தா, இதுக்கு மேல யாருமில்லன்னு நின்னுரும். கவின் ஒருத்தரை நீக்கறப்ப அந்த அறையைச் சும்மா காலியா உட்டுட்டாப்ல. பின்னாடி இருக்கறவங்க இருந்தும் இல்லாத மாதிரி ஆயிடறாங்க. இங்க ஒருத்தர் இருந்தாரு, தாண்டிப் போன்னு ஒரு அடையாளம் வெச்சிருக்கணும்.”

ஆடிதோறும் கூடும் எங்கள் பங்காளிப் பந்தியில் வயது வரிசையில்தான் உட்காருவோம். அந்த வருஷம் யாராவது தவறியிருந்தால் அவர் இடத்தில் இலை மட்டும் போடுவோம். பரிமாறுகிறவன் பந்தி முடிந்துவிட்டதென்று திரும்பாமல் அடுத்தவருக்குப் போவான். கவினும் வாளி தூக்கிப் பரிமாறியவன்தான்.

“எலை போடாம உட்டுட்டானா?” என்றேன்.

சண்முகப்பிரியாவுக்குப் புரியவில்லை. மாதம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே போனாள்.

“அவருக்கே தெரியுமுங்க. கெளம்பறப்ப போன்ல சொன்னாப்ல, ஊருக்குப் போயிட்டு வந்து சரி பண்றேன்னு.”

நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

“எழுது. அவன் பிழைன்னே எழுது. மழுப்பாத. எங்க ஊட்டுப் பையன் செஞ்சதைச் செஞ்சான்னுதான் சொல்லணும்.”

‘பிழைகள்’ என்ற தலைப்பின் கீழ் ஆங்கிலத்தில் தட்டி, தமிழில் சொல்லிக் காட்டினாள். ஒன்றை நீக்கினால் அதற்குப் பின்னால் உள்ளவை கிடைக்காமல் போகலாம். இது அ. கவின் செய்த பிழை. திருத்துவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

“கடைசி வரி வேணுங்களா?”

“இருக்கட்டும்.”

ஆடியில் பந்தி கூடியது. என் தம்பி மகன் வேல்முருகனுக்கு முந்தின இடம் கவினுடையது. அங்கே என் கையாலேயே இலை போட்டுத் தண்ணீர் தெளித்தேன். சோற்று வாளியோடு பரிமாறி வந்த பங்காளி வீட்டுப் பையன் குழந்தைசாமி அந்த இலைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டான். கரண்டி கையில் அப்படியே இருந்தது.

“தாண்டிப் போ சாமி,” என்றேன். குரல் உடையாமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.