ஒன்பதடிப் பலகை

ஹட்டன் ஸ்டேஷனில் வெளிநாட்டுப் பயணி மார்க்கையும் அவன் மனைவியையும் ரயிலேற்றிவிட்டு கஜேந்திரன் வேனை எடுத்தபோது காலை எட்டரை மணி. மலைகளைப் பார்த்துக்கொண்டே அவர்கள் ரயிலில் எல்லவுக்குப் போவார்கள். அவன் சாமான்களோடு ரோட்டு வழியாகப் போய் அங்கே அவர்களை ஏற்றிக்கொண்டு அறுகம்குடா கடற்கரையில் விட வேண்டும். ஏழு வருடமாக வேன் ஓட்டுகிறான். ஆனால் அலைச்சறுக்குப் பலகைகளைக் கூரையில் ஏற்றியது இதுதான் முதல் தடவை.

உறை போட்ட பலகைகள் இரண்டு. பெரியது ஒன்பதடி. பக்கத்தில் துணிமணிகள் வைத்த நீளமான கறுப்புப் பெட்டி. மார்க்கே ஏறி நின்று பெல்ட் போட்டுக் கட்டினான். பெரிய பலகையில் கட்டைவிரலை லேசாக அழுத்திக் காட்டி, இந்த அளவு அழுத்தினாலே பள்ளம் விழும், கவனம் என்று இரண்டு தடவை சொன்னான்.

ஆனி மாதக் காற்று. தலவாக்கலை தாண்டியதும் கூரையில் பெல்ட் 'ம்ம்ம்' என்று முனக ஆரம்பித்தது. கஜேந்திரன் வேகத்தைக் குறைத்தான், முனகல் நின்றது. கூட்டினான், திரும்ப வந்தது. மூன்று தடவை நிறுத்தி இறங்கி இழுத்துப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் பலகை காற்றில் பறந்து பள்ளத்தில் விழுவது போலவே அவனுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

நானுஓயாவுக்கு முன்னால் ஒரு வளைவில், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு ஒரு பெண் நடுரோட்டில் நின்று கையை ஆட்டினாள்.

"அண்ணே, நிப்பாட்டுங்க! குளவி கொட்டிருச்சுண்ணே. எங்க மாமி கீழ கெடக்குறாங்க. பேச்சில்ல!"

அவள் பெயர் லெட்சுமி. முகத்தின் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடியிருந்தது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி அப்போதுதான் பெக்டரிக்குப் போயிருந்தது. கூடக் கொழுந்து பறித்த பெண்கள் ஓடித் தப்பிவிட்டார்கள். அவளுடைய மாமியார் அம்மாக்கண்ணு மட்டும் மழைத் தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் விழுந்துவிட்டார்.

கஜேந்திரன் எட்டிப் பார்த்தான். ரோட்டிலிருந்து நாற்பதடி கீழே, ஈரச் சரிவு. குளவிகளை விரட்ட யாரோ புகை போட்டிருந்தார்கள். இரண்டு ஆண்கள் அந்தம்மாவைப் படங்கில் வைத்துத் தூக்கப் பார்த்தார்கள். துணி நடுவில் தொய்ந்து, கால் வழுக்கி, மூன்று பேரும் திரும்பக் கீழேயே போனார்கள்.

"ஏதாவது கட்டில், கதவு, பலகை இருக்கா?" என்று ஒருவர் கீழேயிருந்து கத்தினார்.

கஜேந்திரன் கூரையைப் பார்த்தான். ஒரு நொடி மார்க்கின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. அப்புறம் ஏறி பெல்டுகளை அவிழ்த்தான்.

பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கும்போது இரண்டு தடவை விழுந்தான். கீழே புகைக்குள் இன்னும் குளவிகள் சுற்றின. அம்மாக்கண்ணுவின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. அவரைப் பலகையில் கிடத்தி, நெஞ்சுக்கும் தொடைக்கும் குறுக்கே அதே பெல்டுகளைப் போட்டு இறுக்கினான்.

"மெதுவா... தலப்பக்கம் தூக்குங்க! விட்றாதீங்க, விட்றாதீங்க!"

நான்கு பேர் தேயிலை வாதுகளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். பாதி வழியில் பலகையின் முனை ஒரு கல்லில் மோதி, மளுக் என்று சத்தம் கேட்டது. யாரும் நிற்கவில்லை.

மேலே வந்ததும் அந்தம்மாவைப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். பலகையைத் திரும்பக் கட்ட நேரமில்லை. "இத பத்திரமா வச்சிருங்க, வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சின்னப் பலகையையும் பெட்டியையும் மட்டும் ஒரே கயிற்றில் அவசரமாகக் கட்டிக்கொண்டு வேனைக் கிளப்பினான்.

இப்போது கூரையில் முனகல் இல்லை. தட், தட் என்று அடித்தது. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. பின்னால் லெட்சுமி மாமியாரின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"மாமி, என்னைப் பாருங்க. மாமி! அண்ணே, மூச்சு நிக்கிற மாதிரி இருக்குண்ணே!"

"பேசிக்கிட்டே இரு தங்கச்சி. இந்தா வந்துட்டோம்."

வந்துவிடவில்லை. இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் தாதிமார் ஓடிவந்து தூக்கிப் போனார்கள். அரை மணி நேரம் அவன் வெளியே நின்று மார்க்குக்குப் போன் பண்ணிப் பார்த்தான், லைன் கிடைக்கவில்லை. ஊசி போட்டிருக்கிறது, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். தன் நம்பரை லெட்சுமியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

பலகையை அவர்கள், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் இரண்டு பெஞ்சுகளின் மேல் துடைத்து வைத்திருந்தார்கள். உறை கிழிந்திருந்தது. முனையில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. கஜேந்திரன் அதைத் தடவிப் பார்த்தான், திரும்பக் கூரையில் ஏற்றிக் கட்டினான். வெலிமடை வழியாக எல்லவுக்குப் போகும்வரை, ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனான். ஒன்றும் சரியாக வரவில்லை.

ரயில் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மார்க் நேராக வந்து கூரையைப் பார்த்தான், முகம் சிவந்தது. அந்தப் பலகையை அவனே செதுக்கியதாம், ஒரு குளிர்காலம் முழுக்க. ஏன் போன் பண்ணவில்லை என்று சத்தம் போட்டான். பண்ணினேன், லைன் கிடைக்கவில்லை என்றான் கஜேந்திரன். "லேடி... குளவி... நோ பிரீத்திங்" என்றான். கைகளால் சரிவைக் காட்டினான், தூக்கியதைக் காட்டினான்.

அப்போது போன் அடித்தது.

"அண்ணே, மாமி கண்ணு முழிச்சிட்டாங்க! மொத கேட்டதே கூடை எங்கன்னுதான். ரெண்டு நாள் இருக்கச் சொல்லியிருக்காங்க."

"லேடி ஓகே!" என்று கஜேந்திரன் சிரித்தான். போனைச் சட்டைப்பையில் போடப் போனான். அது கீழே விழுந்தது. அதை எடுத்துக்கொடுக்கக் குனிந்த மார்க்கின் மனைவி, அவன் பிடரியைப் பார்த்து "ஓ!" என்றாள். மூன்று இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. வழியெல்லாம் வலித்தது, ஆனால் இவ்வளவு வீங்கியிருப்பது அதுவரை அவனுக்கே தெரியாது.

அவனை வேன் படியில் உட்காரவைத்து, அவள் தண்ணீர் போத்தலைப் பிடரியில் வைத்து அழுத்தினாள். மார்க் கூரையில் ஏறி, பலகையை அவிழ்த்து, வெடிப்பில் தண்ணீர் இறங்காமல் டேப் ஒட்ட ஆரம்பித்தான்.

"ஒரு மணி நேரம் கழித்துப் போகலாம்" என்றான், முகத்தைத் திருப்பாமல். "மூச்சு விட முடிகிறதா உனக்கு?"

"முடியுது சார்" என்றான் கஜேந்திரன்.