எழும்பாதே

சொத்!

அலமாரி விளிம்பிலிருந்து பிளாஸ்டிக் கப் ஒன்று தரையில் விழுந்த சத்தம். கையில் துடைப்பத்தோடு நின்ற ரெசின் அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். கப் விழுந்ததற்காக அல்ல, அது 'டங்' என்று விழாததற்காக.

நேற்று மாலை பலகை ஒட்டக் கலக்கிய ரெசின் பசையின் மிச்சம் அதன் அடியில் இருந்தது. இந்நேரம் கல்லாக இறுகியிருக்க வேண்டும். எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினாள். மெழுகு போலக் குழிந்தது. விரலை எடுத்த பிறகும் ரேகை அப்படியே நின்றது.

கப்பில் இறுகாதது பலகைக்குள்ளும் இறுகியிருக்காது.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். நேற்று ஒட்டிய மஞ்சள் பலகை இல்லை. பக்கத்துக் கொக்கியில் 'கத்தி'யும் இல்லை. புருஷனின் தங்கை இரண்டையும் வேனில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டிருந்தாள்.

அந்தப் பட்டறையின் பிழைப்பே இதுதான். அலைச்சறுக்குப் பலகையின் அடியைக் குடைந்து, உள்ளே கெட்டியான கட்டை ஒன்றை வைத்து, ரெசின் ஊற்றி ஒட்டுவார்கள். அந்தக் கட்டையில் போல்ட் முடுக்கினால் ஹைட்ரோஃபாயில் மாட்டலாம். இடுப்பளவு உயரத் தண்டு, அதன் நுனியில் குட்டி விமானத்தின் இறக்கைகள். விளிம்பு கூராக இருப்பதால் பட்டறையில் அதற்குக் கத்தி என்றே பெயர். பெரிய பட்டம் ஆளை இழுத்துக்கொண்டு ஓட, தண்ணீருக்குள் இருக்கும் இறக்கை பலகையை அப்படியே அந்தரத்தில் தூக்கிவிடும். வேண்டாமென்றால் கத்தியைக் கழற்றிவிட்டு, மீன் துடுப்பு மாதிரியான குட்டித் துடுப்புகளை அடியில் செருகிக்கொள்ளலாம், பழையபடி அலைப்பலகை. ஒரே பலகைக்கு இரண்டு வேஷம்.

ஆனால் பலகை எழும்பும் நொடியில் மொத்தப் பாரமும் அந்தக் கட்டை மேல்தான் இறங்கும். அது பிய்த்துக்கொண்டால் ஆள் தலைகுப்புற விழ வேண்டியதுதான். கீழே கத்தி தறிகெட்டுச் சுழன்றுகொண்டிருக்கும்.

ரெசின் அக்கா போன் போட்டாள். நாத்தனாரின் போன் மேஜை மேலேயே அலறியது.

ஸ்கூட்டரை முறுக்கியபோது நேற்றைய பேச்சு காதில் ஓடியது. தண்ணீரை விட்டு வெளியே வராததால் நாத்தனாருக்குத் தவளை என்று பட்டப்பெயர். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, இன்று மாலை ரயில்.

"பட்டறைல ஒரு வாய் குறையும் அண்ணி. நிம்மதியா இருங்க."

"போடி, போ. உன் கூச்சல் இல்லாம என் காதாவது பிழைக்கும்."

அப்படிச் சொல்லிவிட்டுச் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி ரெசின் புட்டியை அமுக்கினாள். அதில் இரண்டு அமுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனரில் ஒன்று. கண் கலங்கி எதிரே எல்லாம் ஒரே மசமசப்பு. ஹார்டனரை முழுசாக அமுக்கினாளா, பாதியா? எத்தனை முறை யோசித்தும் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

கடற்கரையில் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. தூரத்தில் ஏழெட்டுப் பட்டங்கள். அவற்றில் சிவப்பு, தவளையுடையது.

காவல் கோபுரத்தின் கீழே நின்று கத்தினாள். "அண்ணே! அந்தச் சிவப்புப் பட்டத்தைக் கரைக்குக் கூப்பிடுங்க! போர்டு சரியில்ல!"

மேலே இருந்த உயிர்காப்புக் காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "யாரு, நம்ம தவளையா? அது என்னைக்கு அக்கா விசிலுக்குத் திரும்பியிருக்கு?"

"விளையாடாதீங்கண்ணே. அது எழும்பினா செத்துரும்!"

அவர் முகம் மாறியது. மீட்புப் படகை நோக்கி ஓடினார். இன்ஜின் இருமியது, அடங்கியது, மறுபடி இருமியது.

ரெசின் அக்கா இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். ஒரு நீலப் பட்டத்துக்காரன் சரேலென்று தண்ணீருக்கு மேலே எழும்பி, சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனான். வேறு நாளாக இருந்தால் கை தட்டியிருப்பாள். தன் கையால் ஒட்டிய பலகை முதல்முறை எழும்புவதைப் பார்க்கத்தானே இந்தக் கரைக்கு வருவாள்!

இன்று உதடுகள் ஒரே சொல்லை முணுமுணுத்தன. எழும்பாதே. எழும்பாதே.

சிவப்புப் பட்டம் விறைத்தது. தவளை பின்னால் சாய்ந்து வேகமெடுத்தாள். பலகைக்குப் பின்னால் வெள்ளை நுரை சீறியது. இதோ, இந்த வேகத்தில்தான் எழும்பும். ரெசின் அக்கா கண்களை இறுக்கிக்கொண்டாள்.

திறந்தபோது வானத்தில் சிவப்பு இல்லை. பட்டம் தண்ணீரில் கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

"தவளே!"

தொண்டை கிழியக் கத்தினாள். காற்று அதைத் தின்றது. ஒரு அலை எழுந்து மறைத்தது. அடுத்தது. அந்த அலையின் முதுகில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. அதன் மேல் குப்புறப் படுத்து, கைகளால் தண்ணீரைத் தள்ளியபடி ஒரு உருவம்.

அப்போதுதான் படகின் இன்ஜின் பிடித்தது. தவளைதான் அது; படகைப் பார்த்து, வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

அலை அவளைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. இடுப்பளவு தண்ணீர், அப்புறம் முழங்கால் அளவு. பலகை எங்கும் தரை தட்டவில்லை. கத்தி மாட்டியிருந்தால் எப்போதோ மணலில் குத்தி நின்றிருக்கும். ரெசின் அக்கா பாய்ந்து போய்ப் பலகையைப் புரட்டினாள். அடியில் துடுப்புகள்தான் இருந்தன.

அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அண்ணி, புடவையோட குளியலா? காத்து திடீர்னு செத்துப்போச்சு, பொத்துன்னு விழுந்துட்டேன். அதுக்குப் படகெல்லாமா?"

ரெசின் அக்கா எட்டி அவள் தோளில் இரண்டு போடு போட்டாள். அடித்த கையே அவளை இழுத்து அணைத்துக்கொண்டது.

"ரெசின் இறுகலடி. கட்டை நிக்காது. உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தவளை ஆமென்று ஈரத் தலையை ஆட்டினாள்.

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லாம, அந்தக் கத்தியை எதுக்குடி வேன்ல தூக்கிட்டு வந்தே? என் உசுரே போயிருச்சு!"

தவளை கடலைப் பார்த்தபடியே சொன்னாள்: "கத்தி கொக்கியிலயே இருந்தா ஏன் எடுக்கலன்னு கேப்பீங்க. நீங்க அழுதுட்டே ஹார்டனரைக் குறைச்சுக் கலக்குனதைப் பாத்தேன்னு சொல்லணும். அதைச் சொல்லிட்டு, நான் எப்படி அண்ணி ரயில் ஏறுறது?"