ஆடு மேய்ந்த வரிசை

கரையானுக்கு என்ன தெரியும்? பசை ருசித்தது, தின்றுவிட்டது. விதை அறை மர அலமாரியில் இருந்த இரண்டு கண்ணாடிப் புட்டிகளின் பெயர்ச்சீட்டுகள் ஒரே மழைக்காலத்தில் போயே போய்விட்டன. இரண்டிலும் வெள்ளைச் சோளம். எது எந்த ரகம் என்று சொல்ல ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

சோளக்காரம்மா இரண்டு புட்டிகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு அதுதான் பெயர். இந்தப் பருவத்தோடு அவளுக்கு ஓய்வு. இயக்குநரோ கறாராகச் சொல்லிவிட்டார்.

"விதை பெருக்கறதுக்கு ஒரு ரகத்துக்குத்தான் நிலம் இருக்கும்மா. எதுன்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க. இன்னொண்ணு கோழித் தீவனத்துக்குப் போகட்டும்."

அந்தப் பசையைக் காய்ச்சியவர் அவள் வீட்டுக்காரர்தான். வேலிக்கு அந்தப் பக்கம் செம்மறிக் கொட்டிலில் ஆட்டு டாக்டர். கடைப் பசை எதற்கு, மைதா மாவு போதும் என்பார். கரையான் வரும் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். "வரட்டுமே, அதுவும் நமக்காக மண்ணுல உழைக்கிற ஜீவன்தானே" என்று சிரித்தார். மனுஷர் போய் இரண்டு வருஷம். இப்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சண்டையில்தானே எல்லாம் ஆரம்பித்தது! கல்யாணத்துக்கு முன்னால், ஒரு நாள் கொட்டில் கதவைத் தாழிட மறந்துவிட்டார். மந்தை முழுக்க அவள் சோதனைப் பாத்திக்குள் புகுந்துவிட்டது.

"உங்க ஆடு என் மூணு வருஷ உழைப்பை மென்னு தின்னுடுச்சுய்யா!"

"கத்தாதீங்க. ஒரே வரிசையைத்தான் தின்னிருக்கு. பக்கத்து வரிசையில வாய் வைக்கவே இல்ல, பாத்தீங்களா?"

பார்த்தாள். அவர் சொன்னது நிஜம்தான். ஆடு தின்ற அந்த வரிசையில் எட்டாத உயரத்தில் தப்பிய கதிர்களை எடுத்து வைத்தாள். தானியம் மனிதனுக்கு, தட்டை ஆட்டுக்கு என்று இருவரும் ஆயுசுக்கும் அந்த ரகத்தின் பின்னாலேயே அலைந்தார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் 'தரகர்'. நம்ம கல்யாணத்தை முடித்து வைத்தது அதுதானே என்பார். ஐயோ, அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க முடியுமா!

அந்தத் தரகர்தான் இப்போது இரண்டு புட்டிகளில் ஒன்றில் பேரில்லாமல் கிடந்தார்.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் விதைத்தாள். ஒரே உயரம், ஒரே நிறம். சாறு பிழிந்து பார்த்தாள், இனிப்பும் ஒன்றுதான். அன்று ஆடுகள் எதைக் கண்டனவோ, அது எந்தக் கருவிக்கும் பிடிபடவில்லை. கடைசியில் ஆட்டையே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். இளஞ்சோளம் ஆட்டுக்கு விஷம். அதனால் கதிர் முற்றும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கதிர்களை அறுத்துத் தனித்தனிப் பையில் கட்டிவிட்டு, கொட்டில்காரரைக் கூப்பிட்டாள்.

"நெசமாவே தொறந்து விடவாம்மா? போன வருஷம் ஒரு இலையைக் கடிச்சதுக்கே என்னைக் காய்ச்சி எடுத்தீங்களே!"

"பேசாம தொறங்க."

ஆடுகள் உள்ளே வந்தன. அவற்றுக்கு என்ன அவசரம்? வாய்க்கால் ஓரம் புல்லை மோந்தன. ஒரு கிழட்டு ஆடு முதல் வரிசையில் மூக்கை வைத்தது. சோளக்காரம்மா ஓரடி முன்னால் வந்தாள். அது தும்மிவிட்டு நகர்ந்தது. இரண்டாவது வரிசைக்குப் போய் ஒரு தோகையை இழுத்தது, மென்றது, அங்கேயே நின்றுவிட்டது. பின்னாலேயே மற்றவையும் வந்து முட்டி மோதின. முதல் வரிசையை ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா!" என்று வேலிப் பக்கம் திரும்பினாள். வீட்டுக்காரர் வழக்கமாகச் சாய்ந்து நின்ற கம்பத்தில் யாரும் இல்லை.

பழக்க தோஷம், கை தானாகவே விரட்டுகிற குச்சியை எடுத்திருந்தது. அதைக் கீழே போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசைக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"மெதுவா தின்னுங்கடா" என்றாள். "இன்னிக்கு யாரும் விரட்ட மாட்டாங்க."