அத்தான் நின்ற கோல்

எங்கள் தேசிய வாட்டர் போலோ அணி என்றால் ஒரு காலத்தில் சிரிப்பார்கள். வெளிநாட்டுக்குப் போய் வந்தால், "தண்ணி குடிச்சுட்டு வந்துட்டாங்க" என்று பத்திரிகையில் ஒரு வரி வரும். அந்தக் கிண்டலை நிறுத்தியவர் கோல்கீப்பர். பஸ் பணிமனையில் மெக்கானிக். கால் எட்டாத ஆழத்தில் இடுப்புவரை எழும்பி, இரண்டு கையையும் விரித்தால் கோல் முழுக்க அவராகத்தான் தெரியும். அவர் வந்தபிறகு அணி முதலில் கேவலமாகத் தோற்பதை நிறுத்தியது; பிறகு ஜெயிக்கத் தொடங்கியது; கடைசியில் கண்டத்து நாடுகளெல்லாம் மோதும் பெரிய போட்டிக்கே தகுதி பெற்றது.

மாற்று கோல்கீப்பர் அவருடைய மனைவியின் தம்பி. மெக்கானிக் அவனுக்கு வைத்த பெயர் உதிரி.

"உதிரி இல்லாம வண்டி ஓடுமா மாப்ளே?" என்பார்.

"ஓடுதே அத்தான். நான் ஓரமா உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்பான் இவன்.

சிரித்துக்கொண்டேதான் சொல்வான். ஆனால் ஒரே ஒரு பெரிய ஆட்டமாவது ஆடிவிட வேண்டும் என்று அவன் உள்ளுக்குள் ஏங்கியது அக்காவுக்குத் தெரியும்.

போட்டிக்குப் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. அணி மொத்தமும் தண்ணீரில் இறங்கி ஆட்களைத் தூக்கி வந்தது. ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் கிழவர் ஒருவர் மாட்டிக்கொண்டார். அவரை ஜன்னல் வழியாக உதிரியின் கையில் கொடுத்துவிட்டு மெக்கானிக் வெளியே வருவதற்குள் சுவர் சரிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த அன்று அக்கா தம்பியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஆசைப்பட்டியே, இடம் காலியாயிடுச்சு. போய் நில்லு."

இனி நீச்சல் குளத்துப் பக்கமே போவதில்லை என்று அவன் முடிவு செய்தான். மறுநாள் காலையில் அக்காவே வந்து அவன் பையைக் கட்டிக்கொடுத்தாள். "ஏதோ வாய்ல வந்துடுச்சுடா. போயிட்டு வா" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

போட்டியில் அவன் அத்தானின் ஒன்றாம் எண் சிவப்புத் தொப்பியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். முதல் ஆட்டத்தில் அவன் பந்தைத் தடுத்ததும் ஒலிபெருக்கியில் அத்தான் பெயர் முழங்கியது. அணியின் பழைய பட்டியலைப் பார்த்து வாசித்துவிட்டார்கள். பயிற்சியாளர் பதறி எழுந்தார்.

"விடுங்க சார், அவர் பேரே இருக்கட்டும்" என்று தண்ணீரிலிருந்து கத்தினான்.

ஒவ்வொரு தடுப்புக்கும் அரங்கம் இறந்தவரின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. அணி ஜெயித்தது. அத்தானுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்கு வந்தான். போன் அடித்தது. அக்கா.

"ஏண்டா அவர் பேரைச் சொல்றாங்க?"

"நீ... கேட்டியாக்கா?"

"எம் பொண்ணு டிவியில ஆட்டத்தப் போட்டுவிட்டா. நான் அடுப்படியில இருந்தேன். அவர் பேரைக் கேட்டதும் அப்படியே போட்டது போட்டபடி ஓடிவந்தேன்டா. எல்லாம் பொய், அவர் உங்ககூடத்தான் இருக்கார்னு நெனச்சுட்டேன்." அழுகைதான் கேட்டது.

அவன் ஈரத் துண்டோடு அப்படியே போய் அதிகாரிகளிடம் பெயரை மாற்றச் சொன்னான்.

அதன்பின் ஆடிய ஆட்டங்களில் அவன் பெயரையே சொன்னார்கள். அரையிறுதியில் தோற்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். கடைசிப் பந்து முகத்தில் பட்டு அவன் உதடு கிழிந்தது. எங்கள் அணி இதுவரை வாங்கிய ஒரே பதக்கம் அந்த வெண்கலம்தான். மற்றவர்கள் பயிற்சியாளரைத் தூக்கித் தண்ணீரில் போட்டார்கள். இவன் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தேம்பினான்.

ஊர் திரும்பியதும் நேராக அக்கா வீட்டுக்குப் போனான். அவள் உதட்டுத் தையலைப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

பதக்கத்தை நீட்டினான். அவள் தொடவில்லை.

"அரையிறுதியில கடைசியா ஒரு கோல் விட்டியே," என்றாள். "அவர் இருந்திருந்தா பிடிச்சிருப்பாரா?"

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"பிடிச்சிருப்பார்க்கா."

அவள் தலையாட்டினாள். "உள்ள வா, சாப்பிடு" என்று சொல்லிவிட்டுத் தட்டு எடுக்கப் போனாள்.