எட்டாவது கொட்டர் பின்

எனக்குக் கோபம் வந்தால் கொட்டாஞ்சேனை முழுக்கக் கேட்கும் என்று என் மனைவி ருக்கியா சொல்வாள். 1938இல் அந்தச் சனிக்கிழமை காலை எனக்குச் சத்தமே வரவில்லை. பட்டறையைத் திறந்ததும் மேசையிலிருந்த தகர மூடியைப் பார்த்தேன். அதில் ஒரு கொட்டர் பின் கிடந்தது.

என் பட்டறையில் எஞ்சின் கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. நாலு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டனோடு சேர்ந்த நாலு ரொட், ரொட்டுக்கு இரண்டு நட்டு, ஆக எட்டு நட்டு. நட்டு கழன்றுவிடாமல் ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டர் பின்னைக் குத்தி அதன் கால்களை விரித்து மடக்க வேண்டும். எட்டை எண்ணி மூடியில் போட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். முதல் இரண்டு ரொட்டும் ஃபிட்டர் சங்கிலிக்கு, கடைசி இரண்டும் எனக்கு. ஒருவன் இறுக்கிய நட்டில் மற்றவன் கை வைக்கக்கூடாது. மூடி காலியானால்தான் அடியில் எண்ணெய்ச் சட்டியைப் பூட்டலாம். நான் போட்ட சட்டம் இது.

அந்த எஞ்சின் முந்தின நாள் மாலையே கண்ணப்பன் முதலாளியின் கண்டி பஸ்ஸில் ஏறிவிட்டது. ஆறு மணிக்கு பஸ் புறக்கோட்டையை விட்டிருக்கும். சமதரையில் நட்டு கொஞ்சநேரம் தாங்கும். கண்டிக்கு முந்திய கடுகண்ணாவை மலை ஏற்றத்தில் கழன்றால் ரொட் எஞ்சினைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். அப்புறம் பஸ் எந்தப் பக்கம் உருளும் என்று யாருக்குத் தெரியும்? முப்பது பேர்.

அப்போதுதான் வந்த சங்கிலியைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண்ணப்பன் முதலாளி வீட்டுக்கு ஓடினேன். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வாயைக்கூடக் கழுவாமல் காரை எடுத்தார்.

வழியெல்லாம் நான் சங்கிலியைத் திட்டினேன். சும்மா இருக்க முடியவில்லை. எதிரே வருகிற மாட்டு வண்டியைத் திட்டினேன், மூடிக்கிடந்த ரயில்வே கேட்டைத் திட்டினேன், மறுபடி அவனைத் திட்டினேன். கவனமில்லாதவன், சோற்றுக்குக் கேடு, பன்னிரண்டு வருஷம் பழகியும் புத்தி வராதவன். அவன் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தான்.

"என்னோட நாலும் போட்டேன் மொதலாளி."

"போட்டீந்தா இது எங்கேருந்து வந்த?"

கண்ணப்பன் கண்ணாடியில் அவனை முறைத்தார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

ஏற்றத்துக்கு முன்னாலேயே, கேகாலையில் பஸ் நின்றிருந்தது. ஆட்கள் பிளேன்டீ குடித்துவிட்டு ஏறத் தொடங்கியிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரையும் இறங்கச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு அடியில் நுழைந்து எண்ணெயை வடித்து, சட்டியைக் கழற்றினேன். சூட்டு எண்ணெய் முழங்கை வரை வழிந்து சுட்டது. சங்கிலி பக்கத்தில் படுத்து விளக்கைப் பிடித்தான்.

முதல் ரொட், சரி. இரண்டாவது, சரி. மூன்றாவதும் சரி. நாலாவதில் ஒரு நட்டின் துளை வெறுமையாக இருந்தது. விரலால் தொட்டேன், திரும்பியது.

என் நட்டு.

வெள்ளிக்கிழமை அதை இறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் ஜும்ஆத் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள். நட்டுச் சாவியைப் போட்டுவிட்டுக் கை கழுவி ஓடினேன். திரும்பி வந்தபோது சங்கிலி, உங்கள் பக்கம் முடிந்ததா என்று கேட்டான். மூடியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறான். எனக்கே சொல்லித் தருகிறாயா, சட்டியைப் பூட்டு என்று எரிந்து விழுந்தேன்.

என் கையாலேயே நட்டை இறுக்கி, மூடியிலிருந்து எடுத்து வந்த கொட்டர் பின்னைப் போட்டு மடக்கினேன். சங்கிலி விளக்கைக் கொஞ்சம் கிட்டக் காட்டினான். வெட்கத்தில் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சட்டியைப் பூட்டிவிட்டு வெளியே வந்ததும், இனி பயமில்லை என்றேன். யாருடைய வேலை என்று கேட்டார் கண்ணப்பன். சுற்றிலும் பயணிகள் நின்றார்கள்.

"நான்தான். சங்கிலிட நட்டு எல்லாம் சரியா ஈந்திச்சி."

கண்ணப்பன் என் தோளைத் தட்டினார். எங்கள் ஆட்களை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"வேலைக்காரனைக் காட்டிக் கொடுக்காத மனசு உங்களுக்கு, நானா. ஆனா என்னோட எஞ்சினை இனி இவன் தொடக் கூடாது."

இல்லை, நான்தான் என்று அல்லாஹ் மீது ஆணையிட்டேன். அவர் சிரித்தார். யாரோ அதைச் சிங்களத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். கோபம் பொங்கியது. அதை யார்மேல் காட்டுவது?

சங்கிலி மண்ணெண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"விடுங்க மொதலாளி. நீங்க கத்திச் சொன்னதத்தான் எல்லாரும் நம்புவாங்க."

அவன் காரில் ஏறவில்லை. கொழும்பு பஸ் வருகிற பக்கமாக நடந்தான்.