நீர் அறிவீர்

எங்கள் வீட்டுக்கும் ஆமென் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். கட்டியவர் சிமெண்டில் நன்றாகக் கைவைத்திருக்கிறார் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அந்தப் பக்கம் சுவிட்ச் போட்டால் கேட்கும், தும்மினால் கேட்கும். ஆகவே நான் சொல்லப்போவதை யாரும் ஒட்டுக்கேட்டது என்று சொல்லக்கூடாது. காது இருந்தது, கேட்டது, அவ்வளவுதான்.

ஆமென் அண்ணன் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் சபையின் செயலரும் அவர்தான். யார் ஜெபித்தாலும் வாக்கியம் முடிவதற்குள் முன்வரிசையிலிருந்து அவருடைய ஆமென் வந்து விழும். பின்வரிசையில் தூங்குகிறவர்கள் திடுக்கிட்டு விழித்து, வந்ததற்குத் தாங்களும் ஒன்று சொல்லிவிட்டு மறுபடி தூங்குவார்கள். ஒருமுறை போதகர் ஜெபத்தின் நடுவில் இருமியதற்கும் அண்ணன் ஆமென் சொன்னார். அதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் மனைவியை எல்லோரும் டீச்சர் என்போம். வீட்டு முன்னறையில் நாலு மிஷின் போட்டுத் தையல் சொல்லிக்கொடுக்கிறவர். கணவனும் மனைவியும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. சபைக்குச் சேர்ந்து வருவார்கள், ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள், சேர்ந்து போவார்கள். பார்த்தவர்கள், "சாட்சியுள்ள குடும்பம்" என்பார்கள். சுவர் இல்லாதிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

எல்லாம் மகளால் வந்தது. ஒரே மகள். வேலைக்குப் போன ஊரில் ஏசி மெக்கானிக் ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் தங்கமானவன், குடி கிடையாது, சிகரெட் கிடையாது, ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவன். ஆனால் போவது தொட்டிச் சபைக்கு. எங்கள் சபையில் பச்சைக் குழந்தையின் தலையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அவர்களோ வளர்ந்த ஆளைத் தொட்டிக்குள் இறக்கி முழுசாக முக்கி எடுப்பார்கள். எனக்கென்னவோ வித்தியாசம் தண்ணீரின் அளவில்தான் இருப்பதாகத் தோன்றும். ஆனால் நான் பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்காருகிறவள், வேதசாஸ்திரம் படித்தவளில்லை.

கல்யாணத்தைக்கூட அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு மகளும் தொட்டியில் இறங்கினாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அப்ப நான் இந்தக் கையில ஏந்திட்டு நின்னு குடுத்த ஞானஸ்நானம் என்னது? முகம் கழுவிவிட்டதா?" என்று அவர் போட்ட சத்தத்தில் எங்கள் பக்கத்து ஆணியில் தொங்கிய காலண்டர் ஆடியது. சத்தம் பெரிதாக இருந்ததே தவிர, குரல் அழுகிற குரல். அவருக்கு அது நிஜமாகவே வலித்திருக்கிறது. வலித்தது என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "தொட்டியில முழுகினவ இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது" என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. டீச்சர் மகளோடு போனில் பேசுவதைப் பார்த்துவிட்டு, "அவகூடப் பேசுறவ என்கூடப் பேச வேண்டாம்" என்றும் சொல்லிவிட்டார்.

"சரி" என்றார் டீச்சர். அதுதான் கடைசி வார்த்தை. மகளோடு தினமும் பேசினார். ஆகவே சொல் தவறாமல் புருஷனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

பேசாமல் இருந்துவிடலாம், குடும்ப ஜெபத்தை நிறுத்த முடியுமா? சபைச் செயலர் வீடு. தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கொரு ஜெபம் என்பது கல்யாணமான நாளிலிருந்து நடந்துவருவது. முதல் சில நாட்கள் உலக சமாதானத்துக்காகவும் ஆட்சியாளர்களுக்காகவும் ஜெபித்தார்கள். பிறகு கேஸ் சிலிண்டர் காலியாகிற நிலைமை வந்தது.

"கிருபையுள்ள ஆண்டவரே," என்று டீச்சரின் குரல் கேட்டது, "சிலிண்டர் இன்றோ நாளையோ என்று இருப்பதை நீர் அறிவீர். புக் பண்ண வேண்டியவர்களுடைய இருதயத்தை ஏவியருளும்."

மறுநாள் அண்ணன்: "பிதாவே, சிலிண்டருக்குச் சொல்லியாயிற்று, உமக்கு ஸ்தோத்திரம். அடியேனுடைய நீலச் சட்டையில் பொத்தான் இல்லாததையும் நீர் அறிவீர்."

அதற்கு மறுநாள் டீச்சர்: "பொத்தான் தைத்து அலமாரியில் வைக்கக் கிருபை செய்தீரே, நன்றி ஆண்டவரே. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறவர்களையும் நீர் நேசிக்கிறீர். எப்படி முடிகிறது என்றுதான் அடியாளுக்குத் தெரியவில்லை."

அப்படியே பழகிவிட்டது. வாடகை ஏறியது, குழாய் ஒழுகியது, அவருக்கு சர்க்கரை கூடியது, எல்லாம் ஆண்டவர் மூலமாகத்தான் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைப்பார். பக்தியினால் என்று சொல்ல ஆசைதான்.

மகள் உண்டானாள். மாப்பிள்ளைக்கு அம்மா கிடையாது, பிரசவத்துக்குத் துணையாக ஆள் இல்லை. டீச்சர் ஒவ்வொரு சாயங்காலமும் ஆண்டவருக்கு அதை அறிவித்தார். மாதம் ஏற ஏற அறிவிப்பும் ஏறியது. அண்ணன் அதற்கு மட்டும் பதில் சொல்வதில்லை. சபைக் கூரை ஒழுகுவதைப் பற்றி நீளமாக ஜெபிப்பார். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் நின்று, பிரிந்திருக்கும் குடும்பங்கள் இணைய வேண்டும் என்று கண்ணீர்விட்டு வேண்டுவார். அதைக் கேட்டு இரண்டு பேராவது கைக்குட்டை எடுப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பேசாம பஸ் ஏறிப் போக வேண்டியதுதானே டீச்சர்?" என்று ஒருநாள் துணி காயப்போடும்போது கேட்டேன்.

"போயிடலாம். போன பிறகு? அவர் சரின்னு சொல்லாம நான் போனா அவளுக்கு இந்த வீட்டுக் கதவு அதோட மூடிரும். என் பேரப்பிள்ளை யாரோ வீட்டுல வளர்ற பிள்ளையா ஆயிரும். அவர் வாயால சரின்னு வரணும்."

"அவர் வாயால ஆமென் தவிர என்ன வருது?" என்றேன். எரிச்சலில் சொன்னதுதான். டீச்சர் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

அந்த வார வீட்டு ஜெபக்கூட்டம் அவர்கள் வீட்டில். தையல் மிஷின்களை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். போதகருக்கு மட்டும் நாற்காலி, மூட்டு வலி. ஜெபக்குறிப்பு அக்கா எல்லோருக்கும் முந்தி வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா யாரைப் பற்றியும் புறணி பேசியதே கிடையாது. "பாவம், அவங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று தொடங்கி முழுவதையும் சொல்லிவிடுவார். அன்றைக்கும் இரண்டு குடும்பங்களுக்காகப் பாரப்பட்டுவிட்டு, என்னிடம் குனிந்து, "இவங்க பொண்ணு முழுமாசமாமே? அப்பா இன்னும் பேசலையாமே? குறிப்பா எழுதிக்கவா?" என்றார். நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டேன்.

போதகர் குடும்ப ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். நல்ல மனிதர், ஆனால் உதாரணம் தேடித் தூரம் போகமாட்டார். "இந்த வீட்டையே எடுத்துக்கோங்க. என்னைக்காவது இந்த வீட்ல புருஷன் பெண்டாட்டி சண்டைச் சத்தம் கேட்டிருக்கா? பக்கத்து வீட்டுக்காரங்க இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தார்.

"ரொம்ப நாளா இல்லைங்க ஐயா" என்றேன். அது பொய்யில்லை. அண்ணன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

முடிவு ஜெபம் செய்யும்படி டீச்சரைக் கேட்டார் போதகர். டீச்சர் முழங்காலிட்டார். எல்லோரும் கண்ணை மூடினோம். நான் பிறகு ஒன்றைத் திறந்தேன்.

முதலில் போதகரின் மூட்டுக்காக. அண்ணன், ஆமென். சபைக் கூரைக்காக. ஆமென். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக. ஆமென். டீச்சர் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஓர் ஆமென் விழுவதற்கான இடம் விட்டார், அண்ணன் தவறாமல் அதில் விழுந்தார். கொஞ்சம் கொஞ்சமாக டீச்சர் வேகம் கூட்டினார். மிஷினை மிதிக்கிற காலுக்குத் தானாக வேகம் வருமே, அதுபோல ஆமென்னும் வேகம் பிடித்தது.

"விதவைகளைத் தாங்குகிறீரே, நன்றி ஆண்டவரே."

"ஆமென்!"

"வியாதியஸ்தரைத் தேற்றுகிறீரே, நன்றி."

"ஆமென்!"

"கர்ப்பவதிகளைக் காக்கிறீரே, நன்றி."

"ஆமென்!"

"நாளைக் காலை முதல் பஸ்ஸில் அடியாள் என் மகளுடைய பிரசவத்துக்குப் போகவும், பிள்ளையோடு அவளை இந்த வீட்டுக்கு அழைத்துவரவும் இந்த வீட்டுத் தலைவருக்குச் சம்மதமான இருதயத்தைத் தந்தீரே, நன்றி!"

"ஆமென்!" என்றார் அண்ணன். அன்றைய ஆமென்களிலேயே பெரியது அதுதான்.

அப்புறம்தான் அவருக்குக் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தார். என்னைப் போலவே ஏழெட்டுப் பேர் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள். டீச்சர் மட்டும் இரண்டையும் இறுக மூடியபடி, குரல் கொஞ்சமும் மாறாமல், தேநீரையும் பிஸ்கட்டையும் ஆசீர்வதித்து ஜெபத்தை முடித்தார். அவர் கை மட்டும் முந்தானையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது.

போதகர் நாற்காலியிலிருந்து மூட்டு வலியோடு எழுந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம் அண்ணே! பொண்ணோட சமாதானமாயிட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லலையே!"

அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். பல் டாக்டர் நாற்காலியில் நிறையப் பேர் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில், "எல்லாம்... ஆண்டவர் செயல், ஐயா" என்றார்.

"ஆமென்" என்றார் போதகர்.

அன்றைய குடும்ப ஜெபம் சுருக்கமாக இருந்தது. "ஆண்டவரே, கண்ணை மூடியிருக்கிற அப்பாவிகளை வலைவைத்துப் பிடிக்கிறவர்களை நீரே பார்த்துக்கொள்ளும்" என்றார் அண்ணன். "ஆமென்" என்றார் டீச்சர். பெட்டியின் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. சம்மதம் வாங்கியாயிற்று. சபை நடுவில் சொன்ன ஆமென்னைத் திருப்பி வாங்க அண்ணனுக்கு வழியும் இல்லை, துணிச்சலும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் டீச்சர் போய்விட்டார். அன்று சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு என் வீட்டுக்காரர் டிவியை அமர்த்தினார். அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. "அன்பின் பரலோகப் பிதாவே" என்று அண்ணன் ஆரம்பித்தார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. சிலிண்டர் இருக்கிறது, குழாய் ஒழுகவில்லை, சொல்லிவிட ஆளும் இல்லை. வெகு நேரம் கழித்து நாற்காலி மறுபடி நகர்ந்தது, அவ்வளவுதான்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் கடைக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் நின்றார். நீலச் சட்டை கசங்கியிருந்தது.

"டீச்சர் உங்களுக்கு ஏதாவது போன் பண்ணுச்சா?"

"இல்லண்ணே. நீங்க பண்ணிப் பாருங்களேன்."

"சும்மாதான் கேட்டேன்" என்றார். ஆனால் உடனே போகவில்லை. எங்கள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டே நின்றார். இத்தனை காலமும் அவர்மேல் இருந்த எரிச்சலையெல்லாம் அந்த நேரத்தில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பாவமாக இருந்தது.

போன் அன்று சாயங்காலம் வந்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். டீச்சரின் குரல் எங்கள் சமையலறை வரைக்கும் வந்தது.

"ஆண்டவரே, பெண் குழந்தை பிறந்ததற்காக ஸ்தோத்திரம். சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் சுகம் என்பதை நீர் அறிவீர். இப்போது போனைப் பிள்ளைபெற்றவளிடம் கொடுக்கிறேன், ஆண்டவரே."

அந்தப் பக்கம் துணி உரசுகிற சத்தம். பிறகு ஒரு மூச்சு மட்டும். மகள் பேசவில்லை. அப்பா முதலில் பேசட்டும் என்று இருந்தாளோ, பயமோ தெரியாது. நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். வெட்கமாகத்தான் இருந்தது, நகரவில்லை.

"அன்பின் பரலோகப் பிதாவே" என்றார் அண்ணன். முன்வரிசைக் குரல் இல்லை அது. "உமக்கு... உமக்கு ஸ்தோத்திரம். நீர் என் மகளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நீர் அவளைக் கைவிடவில்லை. நான்தான்... நான் கைவிட்டிருந்த நாளெல்லாம் நீர் கூட இருந்து அவளைப் பார்த்துக்கொண்டீர். நீர் அவளுக்கு... நீர்..."

செருமினார். மறுபடி ஆரம்பித்தார்.

"நீர்... நீ... நீ சாப்பிட்டியாம்மா?"

"இன்னும் இல்லப்பா" என்றாள் அவள். அழுகிறாள் என்று தெரிந்தது. "அம்மா இப்பத்தான் தட்டுல போட்டாங்க."

"சாப்பிடு, சாப்பிடு. ஆறிடப் போகுது. நான் வைக்கல, லைன்லயே இருக்கேன்."