விட்கோம் அம்மாள் மண்டியிட்ட அன்று

எங்கள் தீவில் மினிபஸ் ஓட்டுகிறவனுக்குச் செய்தித்தாள் தேவையில்லை. ஏறும்போதே பேசிக்கொண்டுதான் ஏறுவார்கள். இறங்கும் இடம் வந்தால் வண்டியின் பக்கத்தைத் தட்டுவார்கள், நிறுத்துவேன். அந்த வாரம் பாதிப் பேர் தட்ட மறந்து தங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். வண்டிக்குள் அவ்வளவு சண்டை.

சண்டை விட்கோம் குடும்பத்தைப் பற்றி. மேட்டில் இடிந்து நிற்கிற கரும்பாலைக் கோபுரம் அவர்கள் கட்டியது. கட்டியது என்றால் கட்டவைத்தது. கல் சுமந்தவர்கள் எங்கள் ஆட்கள், கப்பலில் கொண்டுவரப்பட்டு அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் இப்போது மூத்தவளான ஃபிலிப்பா விட்கோம் இங்கிலாந்திலிருந்து வந்து மன்னிப்புக் கேட்கப் போகிறாளாம். புயலில் பறந்துபோன எங்கள் ஊர்க் கூரைகளை எல்லாம் தன் செலவில் போட்டுத் தருகிறாளாம். பதிலுக்கு ஊர் சார்பில் ஒருவர் மேடையேறி "மன்னித்தோம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவராக ஊர்க் கமிட்டி தேர்ந்தெடுத்தது என் அக்கா யூலாலியை. அவளும் விட்கோம், நானும் விட்கோம். மாட்டுக்குச் சூடு போடுவதுபோல அவர்கள் எங்களுக்குப் போட்ட பெயர்.

"யூலாலி, நீ அந்த ஒத்த வார்த்தையச் சொன்னா எல்லாம் முடிஞ்சுது," என்றார் பின்சீட்டிலிருந்து லெனக்ஸ் வாத்தியார். "இந்தப் பக்கத்துத் தீவெல்லாம் ஒண்ணு சேர்ந்து இங்கிலாந்து அரசாங்கத்துக்கிட்ட நஷ்டஈடு கேட்டு நிக்குது. நாளைக்கு உன் படத்தக் காட்டுவான். 'பாருங்க, அவங்களே மன்னிச்சாச்சு, இனி என்ன பேச்சு'ன்னு."

"உம்ம வீடு கான்கிரீட்டு, வாத்தியாரே. நீரு பேசுவீரு," என்றார் கமிட்டித் தலைவர் மெக்லீஷ். "தார்ப்பாய்க்கு அடியில படுத்துப் பாரும், வாய் தானா மூடிக்கும்."

"அடிமைங்கள விடுதலை பண்ணப்போ தலைக்கு இவ்வளவுன்னு நஷ்டஈடு குடுத்தாங்களே, யாருக்குக் குடுத்தாங்க? அடிமைக்கா? இந்த ஃபிலிப்பாவோட பாட்டனுக்குய்யா!" என்று கத்தினார் வாத்தியார்.

"அதத்தான் பேத்தி திருப்பித் தர வந்திருக்கா."

"திருப்பித் தர்றாளா, தானம் பண்றாளா? அத மொதல்ல கேளு. கடனத் திருப்பித் தர்றவன் எவனாவது மேடை போட்டுக் கைதட்டு கேப்பானா?"

அக்கா என் பக்கத்துச் சீட்டில் மீன்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி இருந்தாள். அவள் புருஷன் நார்பர்ட்டுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது. புயலுக்குப் பிறகு நீலத் தார்ப்பாய்க்குக் கீழேதான் படுக்கை. மழையில் நனைந்து நனைந்து நெஞ்சில் சளி கட்டி, அவர் இருமினால் ரோடு வரைக்கும் கேட்கும். இன்னொரு மழைக்காலம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீ என்னக்கா சொல்லப்போறே?" என்று மெல்லக் கேட்டேன்.

"அந்த மனுஷன் இருமல நிறுத்துற வார்த்தை எதுவோ, அதச் சொல்றேன். நீ ரோட்டப் பாரு."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

மறுநாள் விடிந்ததும் அக்கா என் வாசலில் நின்றாள்.

"அல்ஃபி, ஒருத்தி வந்தா."

கனவில் என்று உடனே புரிந்தது. எங்களுக்குக் கனவில் ஆள் வருவது புதிதில்லை. செத்தவர்களுக்குப் பசித்தால் கனவில் வந்து கேட்பார்கள். கேட்டால் சோறு ஆக்கிப் படைத்து, மேளம் அடித்து அவர்களைக் கூப்பிட்டு ஆடுகிற பெருமேளம் கட்ட வேண்டும். ஆனால் வழக்கமாக வருவது அம்மாவோ, சித்தப்பாவோ, முகம் தெரிந்த யாரோ.

"தெரியாத பொம்பளடா. என் அடுப்படியில எனக்கு முதுகக் காட்டி உக்காந்து காலிப் பானையச் சுரண்டிட்டிருந்தா. கை முழுக்கச் சூட்டுக் காயம், கரும்புப் பாகு கொதிச்சு ஊத்தின மாதிரி. திரும்பவே இல்ல. 'என் பேரச் சொல்லி நீ யாருக்கோ விருந்து வைக்கிறியாமே'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"'உன் பேரு என்ன தாயே'ன்னேன். சுரண்டுறத நிறுத்திட்டா. அவளுக்கே தெரியல போல." அக்கா அழ ஆரம்பித்தாள். புயலில் கூரை பறந்தபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அன்றே முடிவாயிற்று. மேடைக்கு முந்தைய நாள் சாயங்காலம் அக்கா வீட்டு முற்றத்தில் பெருமேளம். மெக்லீஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா அசையவில்லை. அவளே ஃபிலிப்பா தங்கியிருந்த விடுதிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "நீங்க மன்னிப்புக் கேக்க வேண்டியது எங்கிட்ட இல்லம்மா. செத்தவங்ககிட்ட. அவங்க வர்ற எடத்துல வந்து கேளுங்க. அவங்க சரின்னா அப்புறம் மேடையில நான் சரிங்கிறேன்."

ஃபிலிப்பா வந்தாள். மகாராணியாக வருவாள் என்று எதிர்பார்த்து உள்ளுக்குள் திட்டுவதற்குத் தயாராக இருந்தேன். வந்தது வெள்ளை முடியும் வெயிலில் சிவந்த மூக்குமாக ஒரு ஒல்லி மனுஷி. கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். யாரைப் பார்த்தாலும் தலை குனிந்தாள். திட்ட வரவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

உப்பில்லாமல் ஆக்கிய சோற்று உருண்டையும் மீனும் ஆட்டுக்கறியும் உள்ளறையில் செத்தவர்களுக்காகப் படைத்தாயிற்று. முற்றத்தில் வட்டமாக ஆட்கள். நடுவில் மண்ணில் இரண்டு துணித் துண்டுகளைக் குறுக்காகப் போட்டு, ரம்மும் தண்ணீரும் தெளித்தாள் அக்கா. மூன்று மேளங்களில் நடு மேளம் என்னுடையது. ரம் பீப்பாயில் ஆட்டுத்தோல் கட்டியது. எங்கள் வீட்டு வழக்கம் இது: முதல் பாட்டிலேயே செத்தவர்களிடம் மண்டியிட்டுப் பிழை பொறுக்கக் கேட்போம். கேட்டதும் எல்லாம் நின்றுவிடும். வட்டத்தைக் காலியாக விடுவோம். அவர்கள் வந்து, கேட்டதற்குச் சம்மதம் என்றால் நடு மேளக்காரனுக்கு உத்தரவு வரும். அவன் அடிக்கிற அந்த அடிதான் பதில். அதற்குப் பிறகுதான் உயிரோடிருப்பவர்கள் ஆடலாம்.

முதலில் நாங்கள் மண்டியிட்டோம். உத்தரவு சீக்கிரமே வந்தது. எனக்கு அது தோளிலிருந்து இறங்கும். அடித்தேன்.

பிறகு அக்கா கை காட்ட, ஃபிலிப்பா வட்டத்துக்குள் போய் மண்டியிட்டாள். எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்தாள், பார்த்தாள், மடித்து வைத்துவிட்டாள்.

"எங்க குடும்பம் உங்கள விலைக்கு வாங்குச்சு," என்றாள். "உங்க உழைப்புல நாங்க படிச்சோம், வீடு கட்டினோம். உங்க பேரு கூட எங்களுக்குத் தெரியாது. மன்னிச்சிடுங்க."

நன்றாகவே கேட்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மேளங்கள் நின்றன, வட்டம் காலியானது, அவள் மட்டும் ஓரமாக மண்டியிட்டபடி இருந்தாள்.

அடிக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அதை இங்கே அடித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு மெக்லீஷ் ஊரெல்லாம் வேறு மாதிரிப் பேசினார். தார்ப்பாய்க்குள்ளிருந்து நார்பர்ட் இருமுவது கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே ஒரு அடி, அவர் தலைக்கு மேல் தகரம்.

கையைத் தூக்கப் பார்த்தேன். அப்போதுதான் வாசனை வந்தது. கரும்புப் பாகு கொதித்து அடிப்பிடிக்கிற வாசனை. எங்கள் தீவில் பாகு காய்ச்சியதை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. எதிரே லெனக்ஸ் வாத்தியார், பேய் பிசாசை நம்பாதவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். படபடத்துக்கொண்டிருந்த தார்ப்பாய் அடங்கியது. இருமலும் நின்றது. என் மேளத்துத் தோலில் கை வைத்தேன். உள்பக்கத்திலிருந்து யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

வட்டம் காலியாக இல்லை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை, ஆனால் எல்லோரும் ஓர் அடி பின்னால் நகர்ந்து இடம் விட்டார்கள். அவ்வளவு பேர் வந்திருந்தார்கள்.

"அடிடா," என்று என் காதருகே மெக்லீஷ் பல்லைக் கடித்தார். "அல்ஃபி, உன் மச்சான நினைச்சுப் பாரு. அடி!"

"வரலய்யா."

"வரலைன்னா என்ன, சும்மா தட்டு! அந்த அம்மாவுக்கு என்ன தெரியப் போகுது?"

"அவளுக்குத் தெரியாது. இவங்களுக்குத் தெரியுமே," என்றேன்.

நேரம் போயிற்று. ஃபிலிப்பாவின் முழங்கால் மண்ணில் புதைந்து வலித்திருக்கும். அவள் எழவில்லை. கடைசியில் அக்கா போய் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"அவங்க பதில் சொல்லலியா?" என்று கேட்டாள் ஃபிலிப்பா. குழந்தை கேட்பதுபோல இருந்தது.

"இல்லம்மா."

"நான் ஏதாவது தப்பா கேட்டுட்டேனா?"

"நல்லாத்தான் கேட்டீங்க. கேக்குறது உங்க வேல. குடுக்குறது அவங்க இஷ்டம்." அக்கா உள்ளங்கையை நீட்டினாள். "கூரைக்குப் பணம் தர்றதா எழுதின பத்திரம் பையில இருக்குல்ல? குடுங்க."

மெக்லீஷுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஃபிலிப்பா விழித்தாள். "நீங்க இன்னும் மன்னிக்கலையே."

"கூரை எங்களுக்குச் சேர வேண்டியது. மன்னிப்பு அவங்களுது. ரெண்டையும் ஒரே பையில போட்டுக் கொண்டுவந்தது நீங்கதான்."

ஃபிலிப்பா பையைத் திறந்து உறையை எடுத்து நீட்டினாள். அக்கா பிடித்தாள். ஆனால் ஃபிலிப்பா விடவில்லை. ஒரு நொடிதான். இரண்டு விட்கோம்களும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஊர் முழுக்கப் பார்த்தது. தான் பிடித்துக்கொண்டிருப்பதை ஃபிலிப்பாவே பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. விட்டாள்.

அன்று யாரும் ஆடவில்லை. மறுநாள் மேடையும் இல்லை.

கூரைகள் வந்தன. நார்பர்ட் இன்னும் இருக்கிறார், என் வண்டியில் ஏறி முன்சீட்டுக்குச் சண்டை போடுகிறார். மற்றத் தீவுகளின் ஈட்டுக் கோரிக்கையும் அப்படியே நிற்கிறது, வாத்தியார் இன்னும் பின்சீட்டில் கத்திக்கொண்டிருக்கிறார். வருஷம்தோறும் பெருமேளம் கட்டுகிறோம். எங்களுக்காக நாங்கள் கேட்ட பிறகு, ஃபிலிப்பாவுக்காகவும் அக்கா ஒரு தரம் மண்ணை நனைத்து, வட்டத்தைக் காலியாக விடுகிறாள். எங்களுக்கு உத்தரவு வருகிறது. ஃபிலிப்பாவுக்கு வரவில்லை.

ஒவ்வொரு பெருமேளத்தன்றும் இங்கிலாந்திலிருந்து அவள் போன் பண்ணுவாள். "இந்த வருஷம்?" என்பாள்.

"இன்னும் இல்லம்மா," என்பேன்.

அவள் போனை வைப்பதில்லை. நானும் வைப்பதில்லை. பேச ஒன்றுமில்லாமல், அந்த வட்டத்தைப் பார்த்தபடி போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் மூச்சுவிடுவது கேட்கும். அவளைத் தவிர இன்னும் யார் யாரோ மூச்சுவிடுவதும் கேட்கும்.